டிகிரியே இல்லாத காலத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படித்த பெண்: யார் இந்த எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். பி.எஸ்சி சுற்றுச்சூழல் அறிவியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்? பாடத்திட்டத்தைப் புரட்டினால் கெமிஸ்ட்ரி இருக்கும், பயாலஜி இருக்கும், கொஞ்சம் ஜியாலஜி, கொஞ்சம் புள்ளியியல், கடைசியில் சட்டம். இதை எந்தத் துறையில் சேர்ப்பது என்று அப்பா அம்மா குழம்புவதில் தப்பே இல்லை.

நம்மில் பலருக்கு இந்தப் பாடம் 'ஈ.வி.எஸ் பேப்பர்' என்ற அளவில்தான் தெரியும். பி.காம் படித்தாலும் பி.இ படித்தாலும் ஒரு செமஸ்டரில் வந்து போகும்; பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படித்தால் போதும் என்று சீனியர் சொல்லியிருப்பார். எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக வந்த கட்டாயப் பாடம் அது. அதையே மூன்று வருடப் படிப்பாக எடுப்பவர்கள் இன்றைக்கும் குறைவுதான்.

ஆனால் இந்தக் கலவையை, அதற்கென ஒரு பெயரோ பாடத்திட்டமோ இல்லாத காலத்திலேயே, ஒரு பெண் தானாகச் சேர்த்துப் படித்தார். பிறகு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். எம்.ஐ.டி-யில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் பெண். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லை, பாஸ்டனில் 1861-ல் தொடங்கிய மாசசூசெட்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி.

கூகுளில் தேடினால் 'முதல் பெண்' என்ற அந்த ஒரு வரியோடு பெரும்பாலான பக்கங்கள் நின்றுவிடுகின்றன. அவர் உள்ளே போய் என்ன செய்தார் என்பதுதான் உண்மையில் சுவாரஸ்யமான பகுதி.

கடைக் கல்லாவில் இருந்து கல்லூரிக்கு

எலன் பிறந்தது 1842 டிசம்பர் 3, டன்ஸ்டபிள் என்ற கிராமத்தில். அப்பா பீட்டர் ஸ்வாலோ, அம்மா ஃபேனி, இருவருமே ஆசிரியர்களாக இருந்தவர்கள். ஒரே குழந்தை. சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 1859-ல் குடும்பம் வெஸ்ட்ஃபோர்டு ஊருக்கு மாறியது. அப்பா அங்கே ஒரு கடை வைத்தார். எலன் ஒரு பக்கம் அகாடமியில் படிப்பு, இன்னொரு பக்கம் கடையில் வேலை, மூன்றாவது பக்கம் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்வது என்று ஓடினார்.

மேலே படிக்க ஆசை. பெண்களைச் சேர்க்கும் நல்ல கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காசும் இல்லை. லத்தீன் ட்யூஷன் எடுத்தார், வீடு துடைத்தார், சமையல் செய்தார். நடுவில் இரண்டு வருடம் போல மனம் உடைந்து, எதுவும் செய்ய முடியாமல் முடங்கிக் கிடந்த காலமும் உண்டு. கடைசியில் 300 டாலர் சேர்த்துக்கொண்டு, 1868 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாஸர் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். வயது 25. கூடப் படித்தவர்கள் அவரைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள். 'கேப் இயர்' எடுத்துவிட்டோமே என்று இன்றைக்குக் கவலைப்படுபவர்கள் கவனிக்க.

வாஸரில் இரண்டு ஆசிரியர்கள் அவரை இரண்டு பக்கம் இழுத்தார்கள். ஒருவர் மரியா மிட்செல். 1847-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற வானியலாளர். இன்னொருவர் வேதியியல் பேராசிரியர் சார்லஸ் ஃபேரர். வேதியியல் என்பது அன்றாடப் பிரச்னைகளைத் தீர்க்க உதவ வேண்டும் என்று நினைத்தவர். எலனுக்கு வானியல் ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் வேதியியலைத் தேர்ந்தெடுத்தார். காரணம் எளிது: மக்களுக்கு உடனே பயன்படும் வேலையைச் செய்ய வேண்டும்.

1870-ல் பி.ஏ முடித்தார். வேதியியல் பகுப்பாய்வு செய்யும் தனியார் நிறுவனங்களில் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. பாஸ்டனில் புதிதாக ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்திருக்கிறதே, அங்கே முயற்சி செய்து பாருங்கள் என்று ஒரு இடத்தில் பதில் வந்தது.

ஃபீஸ் வேண்டாம் என்றார்கள்... ஏன்?

1870 டிசம்பரில் எம்.ஐ.டி நிர்வாகம் கூடி முடிவெடுத்தது. மிஸ் ஸ்வாலோவை வேதியியலில் 'சிறப்பு மாணவி'யாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இதை முன்னுதாரணமாக வைத்து மற்ற பெண்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே பதிவு செய்துகொண்டார்கள். இன்னொரு தகவலும் வந்தது. கட்டணம் கட்ட வேண்டாம்.

எலனுக்கு சந்தோஷம். தன் ஏழ்மையைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால், அந்தப் பெண் எங்கள் மாணவியே இல்லை, ஃபீஸ் ரசீதே கிடையாது என்று கல்லூரித் தலைவர் சொல்லித் தப்பிக்க ஒரு வழி. இது முன்பே தெரிந்திருந்தால் சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று எலன் பின்னாளில் சொன்னதாக அவரது வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது.

1871 ஜனவரியில் வகுப்புக்குப் போனார். அந்த வருடமே ஒரு ரயில் விபத்தில் அடிபட்டு அப்பா இறந்துபோனார். அம்மாவின் பொறுப்பும் இவர் தலையில். அதோடுதான் படிப்பு.

உள்ளே அவர் கையாண்ட உத்தி இன்றைய பெண்ணியப் பார்வையில் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். லேபைப் பெருக்கித் துடைத்து வைப்பார். யாருக்காவது விரலில் அடிபட்டால் கட்டுப்போடுவார். பேராசிரியர்களின் கிழிந்த துணியைத் தைத்துக்கொடுப்பார். ஊசி நூல் எப்போதும் கையில் இருக்கும். இந்தப் பெண்ணால் நமக்குத் தொந்தரவு இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் நினைக்க வேண்டும் என்பது கணக்கு. புரட்சிகரமான வழி இல்லைதான். ஆனால் கதவு திறந்தே இருந்தது, அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும்.

1872-ல் பேராசிரியர் வில்லியம் நிக்கல்ஸ் மாநில சுகாதார வாரியத்துக்காக நீர்ப் பரிசோதனை ஒன்றை நடத்தினார். பெண்கள் அறிவியல் படிப்பதில் இந்த நிக்கல்ஸுக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. ஆனால் கை சுத்தமாக வேலை செய்யும் ஆள் வேண்டுமே. எலனை உதவிக்கு வைத்துக்கொண்டார். சாக்கடை, ஆறு, குடிநீர் என்ற முக்கோணம் எலன் வாழ்க்கையில் நுழைந்தது இங்கேதான்.

1873-ல் எம்.ஐ.டி அவருக்கு பி.எஸ் பட்டம் கொடுத்தது. அதே வருடம் வாஸரில் எம்.ஏ. அடுத்து டாக்டர் பட்டம் வாங்கிவிடலாம் என்று மேலும் இரண்டு வருடம் அங்கேயே ஆராய்ச்சி செய்தார். கிடைக்கவில்லை. வேதியியல் துறையின் முதல் டாக்டர் பட்டம் ஒரு பெண்ணுக்குப் போவதைத் துறைத் தலைவர்கள் விரும்பவில்லை என்று அவருடைய கணவர் பின்னாளில் எழுதினார். எம்.ஐ.டி தன் முதல் பிஎச்.டி பட்டங்களை வழங்கியது 1907-ல். அதுவரை யாருக்கும் இல்லை.

அந்தக் கணவர் ராபர்ட் ஹாலோவெல் ரிச்சர்ட்ஸ், எம்.ஐ.டி-யில் சுரங்கப் பொறியியல் பேராசிரியர். அவர் எலனிடம் காதலைச் சொன்ன இடமும் வேதியியல் லேப்தான். 1875 ஜூனில் கல்யாணம். தேனிலவுக்கு கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள், ராபர்ட்டின் சுரங்கப் பொறியியல் மாணவர்கள் கூட்டத்தோடு. ஃபீல்ட் ட்ரிப்பும் தேனிலவும் ஒன்றே.

பட்டையில் மரத்தூள், வால்பேப்பரில் ஆர்செனிக்

1876-ல் பாஸ்டன் பெண்கள் கல்விச் சங்கத்தின் நிதியோடு எம்.ஐ.டி வளாகத்தில் 'பெண்கள் ஆய்வகம்' திறந்தது. நிதி திரட்டப் பின்னால் நின்றவர் எலன். அங்கே சொல்லிக்கொடுத்தவரும் எலன். சம்பளம்? பூஜ்யம். போதாக்குறைக்கு ஆண்டுக்கு சுமார் 1,000 டாலர் வரை தன் கைக்காசையே போட்டார். பேராசிரியர் சம்பளம் வாங்கும் கணவர் இருந்ததால் அது முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே வருடங்களில் அஞ்சல்வழிக் கல்வியிலும் இருந்தார். கல்லூரிக்குப் போக முடியாத பெண்களுக்கு வீட்டிலிருந்தே படிக்க உதவும் ஒரு சங்கத்தின் அறிவியல் பிரிவை அவர் நடத்தினார். பாடக் குறிப்போடு மைக்ராஸ்கோப்பும் தபாலில் போகும்.

ஆய்வகத்துக்கு வந்த வேலைகளைப் பார்த்தால் இன்றைய சுற்றுச்சூழல் அறிவியல் பட்டதாரியின் ரெஸ்யூமே மாதிரி இருக்கும். மாநில சுகாதார வாரியத்துக்காக மளிகைக் கடைச் சரக்குகளைப் பரிசோதித்தார்கள். சர்க்கரையில் மணல், இலவங்கப்பட்டைத் தூளில் மஹோகனி மரத்தூள் என்று கலப்படம் வெளியே வந்தது. 1880-களில் அந்த மாநிலம் கொண்டுவந்த உணவுக் கலப்படச் சட்டங்களுக்கு இந்தச் சோதனைகள் வலு சேர்த்தன. அன்றைய நாகரிகமான பச்சை வால்பேப்பர்களிலும் துணிகளிலும் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1884-லிருந்து பத்து வருடம் ஒரு தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எலன் ஆலோசகர். ஆலைகளில் எந்த எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும் என்று கண்டறிந்து சொல்வது வேலை. 1879-ல் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர்கள் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்தது.

இன்னொரு பக்கம் 'படிச்சா பெண்களுக்கு உடம்பு கெட்டுவிடும்' என்ற வாதத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஹார்வர்டில் இருந்த எட்வர்டு கிளார்க் என்ற மருத்துவர் 1873-ல் இதைப் புத்தகமாகவே போட்டு, அது பரபரப்பாக விற்றது. எலனும் அவரது நண்பர்களும் உருவாக்கிய பட்டதாரிப் பெண்கள் சங்கம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கல்லூரி முடித்த பெண்களின் உடல்நிலை நன்றாகவே இருக்கிறது என்று 1885-ல் புள்ளிவிவரத்தோடு பதில் வந்தது. கோபப்பட்டுக் கட்டுரை எழுதாமல் டேட்டா எடுத்தார்கள் பாருங்கள், அதுதான் எலன் ஸ்டைல்.

எம்.ஐ.டி பெண்களை வழக்கமான மாணவிகளாகச் சேர்க்கத் தொடங்கியதும், தனி ஆய்வகத்துக்குத் தேவை இல்லாமல் போனது. 1883-ல் மூடினார்கள். எலன் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் அவருக்கு வேலை போய்விட்டது.

அடுத்த வருடம், 1884-ல், எம்.ஐ.டி ஒரு புதிய ஆய்வகம் அமைத்து அவரை 'சுகாதார வேதியியல் பயிற்றுநர்' பதவியில் நியமித்தது. சம்பளத்தோடு. 41 வயதில் அவருடைய முதல் முறையான கல்லூரிப் பதவி.

ஒரு பாட்டில் தண்ணீர் என்ன சொல்லும்?

இனி வருவதுதான் இந்தக் கதையின் மையம். கொஞ்சம் வேதியியல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

1887-ல் மாசசூசெட்ஸ் சுகாதார வாரியம் மாநிலம் முழுக்க உள்ள குடிநீர் ஆதாரங்களை மாதாமாதம் பரிசோதிப்பது என்று முடிவெடுத்தது. இரண்டு வருடத் திட்டம். இவ்வளவு பெரிய அளவில் அமெரிக்காவில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. பொறுப்பாளர் பேராசிரியர் தாமஸ் ட்ரௌன். ஆய்வகத்தை நடத்தியது எலன். பல்லாயிரக்கணக்கான மாதிரிகள் அந்த லேப் வழியாகப் போயின.

தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நுண்ணுயிரியல் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. டைஃபாய்டு கிருமியை அடையாளம் கண்டு பத்து வருடம்கூட ஆகவில்லை. தண்ணீரில் அதைத் தேடிப் பிடிப்பது நடைமுறையில் கஷ்டம். அதனால் கிருமியைத் தேடாமல், கழிவு விட்டுச்செல்லும் தடயத்தைத் தேடினார்கள்.

முதல் தடயம் நைட்ரஜன். மலமும் மூத்திரமும் தண்ணீரில் கலந்தால் முதலில் அமோனியா வரும். நாளாக ஆக அது நைட்ரைட்டாகி, அப்புறம் நைட்ரேட்டாகும். ஆக, அமோனியா அதிகம் இருந்தால் அழுக்கு இப்போதுதான் கலந்திருக்கிறது. நைட்ரேட் மட்டும் இருந்தால் பழைய கதை. இதில் ஒரு சிக்கல், மாதிரி எடுத்து வைத்திருந்தாலே அளவு மாறிவிடும். பாட்டில் வந்தவுடன் சோதிக்க வேண்டும். நெஸ்லர் கரைசலை ஊற்றி, வருகிற மஞ்சள் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மாதிரிக்கு இது சுலபம். மாதக்கணக்கில் தினமும், ஒரே தரத்தில் செய்வது என்றால் யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது தடயம் குளோரைடு. இதில்தான் எலனின் பெயர் நிற்கிறது. நாம் சாப்பிடும் உப்பு உடம்பை விட்டுக் கழிவோடு வெளியே போகிறது. குளோரைடு சிதையாது, மண் வடிகட்டாது, கிருமிகள் தின்னாது. சாக்கடை எங்கே கலந்தாலும் குளோரைடு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கடலோரத்தில் கடல் காற்றே உப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறதே! ஒரு கிணற்றில் குளோரைடு இருந்தால் அது கடல் கொடுத்ததா, பக்கத்து வீட்டுக் கழிவறை கொடுத்ததா?

மாநிலம் முழுக்க வந்த மாதிரிகளில், மனிதர் நடமாட்டம் இல்லாத சுத்தமான நீர்நிலைகளின் அளவை மட்டும் எடுத்து வரைபடத்தில் குறித்தார்கள். ஒரு அழகான ஒழுங்கு தெரிந்தது. கடற்கரையில் அளவு அதிகம். உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, மேற்கே மலைப்பகுதியில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரே அளவுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்தால், கடற்கரைக்கு இணையாக வரிவரியாகக் கோடுகள். வானிலைப் படத்தில் காற்றழுத்தக் கோடுகள் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. இதுதான் 'இயல்பு குளோரின் வரைபடம்'. நீச்சல் குளத்தில் போடும் குளோரின் இல்லை. அந்தக் காலத்தில் குளோரைடைத்தான் அப்படி எழுதினார்கள்.

இப்போது எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வந்தாலும் போதும். அந்த ஊர் எந்தக் கோட்டில் இருக்கிறது, அங்கே இயல்பாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார். அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ, அது மனிதர்கள் கலந்தது. நேரில் போகாமலேயே, லேபில் உட்கார்ந்தபடி, இந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் கழிவுக் குழி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதில் முக்கியமான யோசனை என்னவென்றால், மாசு என்பது வெறும் அளவு இல்லை, இயல்பிலிருந்து விலகல். இயல்பு எது என்று தெரியாமல் மாசு எவ்வளவு என்று சொல்ல முடியாது. இன்றைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் 'பேஸ்லைன் ஸ்டடி' என்று ஒரு அத்தியாயம் வருகிறதே, அதன் தர்க்கமும் இதுதான்.

திருவான்மியூர் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் நமக்கும் இதே கேள்விதான்: கடல்நீர் உள்ளே வந்ததா, வேறு ஏதாவதா? குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை அளக்க, இன்றைக்கும் பி.எஸ்சி மாணவர்கள் கூம்புக் குடுவையில் தண்ணீரை எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாக மாறும் நொடியில் நிறுத்த வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு முறை, அப்படியே. ஒரு சொட்டு அதிகமானால் திரும்ப முதலிலிருந்து.

பாடத்திட்டம் பிறக்கிறது

1890-ஐ ஒட்டி எம்.ஐ.டி 'சுகாதாரப் பொறியியல்' என்ற படிப்பைத் தொடங்கியது. வேதியியலுக்கு ட்ரௌனும் எலனும், உயிரியலுக்கு வில்லியம் செட்ஜ்விக். தண்ணீர், கழிவுநீர், காற்று மூன்றையும் பகுப்பாய்வு செய்ய எலன் சொல்லிக்கொடுத்தார். படித்த பையன்கள் ஊர் ஊராகப் போய்க் குடிநீர், கழிவுநீர் நிலையங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு முதல் தலைமுறையின் பதில் அதுதான்.

1900-ல் சக ஆசிரியர் ஆல்ஃபியஸ் உட்மேனோடு சேர்ந்து ஒரு பாடநூல் எழுதினார். காற்று, தண்ணீர், உணவு: இந்த மூன்றும்தான் தலைப்பு. இன்றைய சுற்றுச்சூழல் வேதியியல் பேப்பரின் யூனிட் பிரிவுகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது.

அவருடைய வீடும் ஒரு லேப்தான். பாஸ்டனின் ஜமைக்கா ப்ளெய்ன் பகுதியில் இருந்த வீட்டில் ஈயக் குழாய்களைப் பிடுங்கிப் போட்டார். ஜன்னல்களுக்கு மேலே காற்றோட்டத் திறப்பு வைத்தார். கரி அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு. கிணற்றுத் தண்ணீரைத் தானே சோதித்துக்கொண்டார். வீட்டு வேலைக்கு ஆள் வைக்காமல், மாணவிகளைத் தங்கவைத்து அவர்களோடு வேலையைப் பகிர்ந்துகொண்டார். பள்ளி வகுப்பறைகளில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று அளந்து, பிள்ளைகள் தூங்கி வழிவதற்குக் காற்றோட்டம் இல்லாததும் காரணம் என்று பேசினார்.

பெயர் பறிபோன கதை

இவ்வளவு செய்தாயிற்று. இந்தத் துறைக்கு ஒரு பெயர் வேண்டாமா?

ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-ல் ஒரு சொல்லை உருவாக்கியிருந்தார். கிரேக்கத்தில் 'ஓய்கோஸ்' என்றால் வீடு. உயிரினங்கள் தம் சூழலோடு கொண்டுள்ள உறவைப் படிக்கும் அறிவியல் என்ற பொருளில் அதைப் பயன்படுத்தினார். எலன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். அது வீட்டைப் பற்றிய அறிவியல்தானே? மனிதன் வாழும் வீடு, தெரு, ஊர், அவன் குடிக்கும் தண்ணீர், மூச்சுவிடும் காற்று, சாப்பாடு, எல்லாம் சேர்ந்த அறிவியலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது? 1892 நவம்பரில் பாஸ்டனில் நடந்த கூட்டமொன்றில் 'ஓய்காலஜி' என்ற புதிய அறிவியலை அறிவித்தார். பத்திரிகையிலும் செய்தி வந்தது.

எடுபடவில்லை. அடுத்த வருடமே, 1893-ல், அமெரிக்காவின் மேடிசன் நகரில் கூடிய தாவரவியலாளர்கள் அந்தச் சொல்லை 'இகாலஜி' என்ற எழுத்தமைப்பில் தங்கள் துறைக்கு வைத்துக்கொண்டார்கள். செடியும் பூச்சியும் உள்ளே, சமையலறையும் சாக்கடையும் வெளியே. மனிதர்களும் அவர்களின் குழாய்த் தண்ணீரும் சூழலியலுக்குள் திரும்பி வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. காற்று, நீர், மண், உயிர், மனிதன் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் படிக்கும் துறைகள் பல்கலைக்கழகங்களில் வந்தது 1960-களில்தான். இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல் அறிவியலுக்கெனத் தனிப்பள்ளி தொடங்கியது 1967-ல். எலன் பேசி 75 வருடம் கழித்து.

சொல்லை இழந்த எலன் வேறு வழி தேடினார். 1899-ல் நியூயார்க் மாநிலத்தின் லேக் ப்ளாசிடில் ஒரு மாநாடு கூட்டினார். நூலகத்தில் புத்தகம் தேடும்போது பார்க்கிற தசம எண் முறையை உருவாக்கிய மெல்வில் டூயி, அவர் மனைவி ஆனி இருவரும் உபசரித்த இடம். அங்கே முடிவான பெயர் 'ஹோம் எகனாமிக்ஸ்'. 1908 இறுதியில் அது ஒரு தேசிய சங்கமாகி, எலன் முதல் தலைவரானார். நம்ம ஊர் மகளிர் கல்லூரிகளில் 'ஹோம் சயின்ஸ்' என்று இருக்கும் துறை, இந்த மரத்தின் கிளை.

என் பார்வையில், எலன் சறுக்கியது இங்கேதான். அவர் மனதில் இருந்தது நுகர்வோர் வேதியியல், ஊட்டச்சத்து, பொதுச் சுகாதாரம். பெண்கள் அறிவியலுக்குள் நுழைய அது ஒரு வாசல் என்று நம்பினார். வேலைகளும் வந்தன, உண்மைதான். ஆனால் அறிவியல் படிக்க வந்த பெண்களை நீங்கள் அந்தப் பக்கம் போங்கள் என்று ஒதுக்கவும் அதே வாசல் பயன்பட்டது. சுகாதாரப் பொறியியல் ஆண்களின் துறை, ஹோம் சயின்ஸ் பெண்களின் துறை என்று அவர் சேர்த்துவைத்த ஒன்றை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

வேறு தோல்விகளும் உண்டு. 1890-ல் பாஸ்டனில் 'நியூ இங்கிலாந்து கிச்சன்' என்று ஒரு சமையலகம் திறந்தார். ஏழைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில், ஊட்டச்சத்துக் கணக்குப் பார்த்த சாப்பாடு. ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாங்க மறுத்தார்கள். அறிவியல்படி சரியான சூப் தங்களுக்கு வேண்டாம், பழகின ருசிதான் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ரேஷனில் கொடுப்பதை ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்கும் எந்த அதிகாரிக்கும் இந்த அனுபவம் புரியும். அதே முயற்சி பாஸ்டன் பள்ளிகளில் மதிய உணவாக 1894-ல் வேர்பிடித்தது என்பது ஆறுதல்.

1910-ல் 'யூதெனிக்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அப்போது 'யூஜெனிக்ஸ்', அதாவது நல்ல வம்சத்தை மட்டும் வளர்ப்பது என்ற ஆபத்தான சிந்தனை மேலைநாடுகளில் கொடிகட்டிப் பறந்த காலம். பரம்பரையைப் பற்றிப் பேசும் முன் சூழலைச் சரிசெய்யுங்கள்; நல்ல தண்ணீரும் காற்றும் சோறும் கொடுத்தால் இந்தத் தலைமுறையே மேம்படும் என்பது எலனின் வாதம். அந்த யூஜெனிக்ஸ் கும்பலை நேராக எதிர்த்தார் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு முன்னால் தன் வேலை வர வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

27 வருடம், ஒரே பதவி

1910-ல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எம்.ஐ.டி-யிடம் கேட்டுக் கிடைக்காத டாக்டர் பட்டம், 35 வருடம் தள்ளி, வேறொரு கல்லூரியிலிருந்து, கௌரவமாக வந்தது.

1911 மார்ச் 30 அன்று, 68 வயதில், இதய நோயால் ஜமைக்கா ப்ளெய்ன் வீட்டில் எலன் இறந்தார். கடைசி வரை பாடம் எடுத்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். அன்று எம்.ஐ.டி பதிவேட்டில் அவருடைய பதவி, 1884-ல் சேர்ந்தபோது இருந்த அதே பயிற்றுநர். ஒரு முறைகூடப் பேராசிரியர் ஆக்கவில்லை.

1973-ல், அவர் பட்டம் வாங்கிய நூறாவது ஆண்டில், எம்.ஐ.டி அவர் பெயரில் ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கியது.